மருந்து ஒரு துறையில், நஞ்சு மற்றொரு துறையில்: இந்திய மருந்தியல் கல்வியின் வரலாறும் மாணவர் குரலும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பயிருக்குப் பூச்சிக்கொல்லி தெளிப்பதை ‘மருந்து அடித்தல்’ என்பர். யாரேனும் அதை அருந்திவிட்டால், அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் உறவினர் ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்றே சொல்வர். தெலுங்கு மாவட்டங்களில் அதே இடத்தில் ‘மந்து’ என்ற சொல் வரும்; இந்தி பேசும் பகுதிகளில் ‘தவா’ வரும். மூன்றும் நோய் தீர்க்கும் பொருளுக்கும் வழங்குபவை. கிரேக்கத்தின் ‘ஃபார்மகோன்’ என்ற சொல்லும் மருந்து, நஞ்சு ஆகிய இரண்டையும் குறித்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் பழமொழியைத்தான் 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் வேறு சொற்களில் ஐரோப்பிய மருத்துவத்துக்கு எடுத்துரைத்தார்.

மொழிகள் ஒன்றாக வைத்திருப்பதை நம் மருத்துவக் கல்லூரிகள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவர் மருந்தை மருந்தியல் துறையில் கற்கிறார். நஞ்சைச் சட்ட மருத்துவம் மற்றும் நச்சியல் துறையில், காயங்களின் வகைப்பாட்டுக்கும் பிணக்கூறாய்வுக்கும் நடுவே கற்கிறார். நான் மொழியியல் படித்தவன், மருத்துவன் அல்லன். அறிவியல் கல்வியின் மொழியை ஆராய்ந்து வருவதால், பாடத்திட்ட ஆவணங்களையும் மாணவர் கருத்தாய்வுகளையும் தொடர்ந்து படிக்க நேர்கிறது. அவற்றைப் படிக்கையில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்தப் பிரிவினை எப்போது, எதற்காக நேர்ந்தது? இந்தப் பாடங்கள் எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் மாணவருக்கு எப்போதேனும் குரல் இருந்ததா? இவ்விரண்டு கேள்விகளின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம்: சோதனைப் பொருளாக மாணவர்

1822இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட ‘நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிட்யூஷன்’ ஐரோப்பிய மருத்துவத்தை இந்திய மொழிகளில் கற்பித்தது. அதன் செயல்பாட்டை ஆராய 1833இல் பெண்டிங்க் ஒரு குழுவை அமைத்தார். குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1835 ஜனவரி 28ஆம் நாள் ஆணையால் அந்நிறுவனம் கலைக்கப்பட்டு, ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. பழைய நிறுவனத்தில் பயின்ற மாணவர்களின் கருத்து கேட்கப்படும் வழக்கம் அன்று இல்லை. எந்த மொழியில், எதைக் கற்பது என்பது அரசின் முடிவாகவே இருந்தது.

புதிய கல்லூரியில் வேதியியலையும் ‘மெட்டீரியா மெடிக்கா’ எனப்பட்ட மருந்துப்பொருள் அறிவையும் கற்பித்தவர் வில்லியம் புரூக் ஓ’ஷாக்னசி. பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பிகளைப் பதித்தவர் இவரே. இவருடைய வகுப்பில் மருந்தும் நஞ்சும் இன்னும் பிரியவில்லை. வங்கத்தின் கடைத்தெருக்களில் கிடைத்த பொருள்களை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றின் வேதியியலை ஆராய்ந்தார். முதலில் விலங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் விளைவுகளைக் கவனித்தார். கஞ்சாவைப் பற்றி 1839இல் அவர் வாசித்த கட்டுரை உலக மருந்தியல் வரலாற்றில் இடம்பெற்றது. 1842இல் ‘பெங்கால் டிஸ்பென்சேட்டரி’யும் 1844இல் ‘பெங்கால் ஃபார்மகோபியா’வும் அவர் பெயரில் வெளிவந்தன.

அந்த 1839ஆம் ஆண்டுக் கட்டுரையில் மாணவர்கள் தோன்றும் விதம் கவனத்துக்குரியது. கல்லூரி மாணவர் சிலர் தாமே முன்வந்து கஞ்சா மருந்தை உட்கொண்டனர். அவர்களுடைய நாடித்துடிப்பு முன்னும் பின்னும் குறிக்கப்பட்டது. அடக்கமான இயல்புடைய இளைஞர் ஒருவர் சிறிதளவு மருந்துக்குப் பிறகு தம்மை அரசராகக் கருதி, அவையோருக்குக் கட்டளையிடத் தொடங்கினார் என்று ஆசிரியர் வியப்போடு பதிவு செய்கிறார். விளைவுகளைக் கவனித்துக் குறித்தவர்களும் மாணவர்களே. ஆக, இந்திய மருந்தியல் கல்வியில் மாணவர் முதன்முதலாகப் பதிவு பெறுவது சோதனைக்குரிய உடலாகவும், அந்த உடலைக் கவனிக்கும் கண்ணாகவும்தான். தமக்கு அது என்ன கற்பித்தது என்று அவர்கள் தம் வாயால் சொன்ன பதிவு அக்கட்டுரையில் இல்லை. இன்றைய அறநெறிக் குழு எதுவும் இதற்கு ஒப்பாது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அளவு, விளைவு, ஆபத்து ஆகிய மூன்றையும் ஒரே வகுப்பில், ஒரே பொருளின் வழியாகக் கற்ற கடைசித் தலைமுறைகளுள் ஒன்று அது.

நஞ்சு நீதிமன்றம் சென்ற கதை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நச்சியல் வேறு திசையில் இழுக்கப்பட்டது. 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட பாஷாணச் சோதனை, உடலில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் நஞ்சையும் நீதிமன்றத்தில் காட்டக்கூடியதாக ஆக்கியது. காலனி அரசுக்கு இது மிகவும் தேவைப்பட்டது. மொழியும் வழக்கமும் அறியாத மண்ணில் உள்ளூர்ச் சாட்சிகளை நம்பத் தயங்கிய ஆட்சிக்கு, வேதியியல் ஒரு நடுநிலைச் சாட்சியாகத் தோன்றியது. மாகாணங்களில் ‘கெமிக்கல் எக்ஸாமினர்’ என்னும் அரசு வேதியியல் ஆய்வாளர் பதவி உருவானது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களே பெரும்பாலும் அப்பதவியையும் வகித்தனர்.

1856இல் நார்மன் செவர்ஸ் வங்கத்துக்கும் வடமேற்கு மாகாணங்களுக்குமான சட்ட மருத்துவக் கையேட்டை வெளியிட்டார். அபின், பாஷாணம், ஊமத்தை, வச்சநாபி என இந்நாட்டு நஞ்சுகள் அதில் குற்றங்களின் கருவிகளாக வரிசைப்படுத்தப்பட்டன. பம்பாயில் லயன் எழுதிய நூல் அந்நூற்றாண்டின் இறுதியில் அதே மரபைத் தொடர்ந்தது. 1920இல் ஜெய்சிங் பி. மோடியின் ‘மெடிக்கல் ஜுரிஸ்புருடென்ஸ் அண்ட் டாக்ஸிகாலஜி’ வெளிவந்தபோது, சட்ட மருத்துவமும் நச்சியலும் ஒரே அட்டைக்குள் நிலைபெற்றன. நூறாண்டு கடந்தும் மோடியின் நூல் பதிப்பிக்கப்பட்டு வருகிறது. வழக்கறிஞர் அலுவலகங்களிலும் அதைக் காணலாம். அந்த நூலின் தலைப்பே இன்று துறையின் பெயராக நிற்கிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இந்தியச் சட்ட மருத்துவ நூல்கள் ஏறத்தாழ அனைத்திலும் ஓர் அட்டவணை உண்டு: ஊமத்தை விதைக்கும் மிளகாய் விதைக்கும் உள்ள வேறுபாடுகள். வடிவம், நிறம், சுவை, குறுக்குவெட்டில் கருவின் வளைவு என அது நீளும். வழிப்போக்கர்க்கு ஊமத்தை கலந்த உணவு கொடுத்துக் கொள்ளையடித்த காலத்தின் எச்சம் அது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து வாய்மொழித் தேர்வில் ஒப்பித்து வருகின்றனர். அதே மாணவர்கள் மருந்தியல் துறையில் அட்ரோபினைக் கற்கின்றனர். ஊமத்தையின் நச்சுத்தன்மைக்குக் காரணமான வேதிப்பொருள்களுள் அட்ரோபினும் ஒன்று. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி நஞ்சேறியவரைக் காப்பாற்ற முதலில் எடுக்கப்படும் மருந்தும் அதுவே. ஒரு பொருள், ஒரே செயல்முறை: மிகையானால் நாவறட்சி, விரிந்த கண்மணி, பிதற்றல், உரிய இடத்தில் உரிய அளவில் உயிர். இவ்வளவு அழகான பாடம் இரண்டு துறைகளுக்கு இடையே விழுந்து கிடக்கிறது. விதையை அடையாளம் காண்பவர் ஒருவர், அட்ரோபினின் ஏற்பிகளை விளக்குபவர் ஒருவர். இணைக்கும் வேலை பத்தொன்பது, இருபது வயது மாணவரின் தலையில்.

மருந்து ஆய்வகம் சென்ற கதை

நஞ்சு நீதிமன்றம் நோக்கிச் சென்ற அதே காலத்தில் மருந்து ஆய்வகம் நோக்கிச் சென்றது. 1847இல் டோர்பாட் நகரில் ருடால்ஃப் புக்ஹைம் மருந்தியலுக்கென முதல் ஆய்வகத்தை அமைத்தார். ஏறத்தாழ அதே வேளையில் கார்ல் லுட்விக் ‘கைமோகிராஃப்’ கருவியை அறிமுகம் செய்தார். சுழலும் உருளையில் சுற்றிய புகைபடிந்த தாளில், விலங்கின் இரத்த அழுத்தமும் தசையின் சுருக்கமும் தாமே கோடு வரைந்தன. மருந்து என்பது இனி மூலிகைப் பெயரும் அளவும் கொண்ட பட்டியலாக இல்லாமல், கோட்டின் ஏற்ற இறக்கமாகக் காணத்தக்கதாயிற்று.

இந்த மரபை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் ராம் நாத் சோப்ரா. கேம்பிரிட்ஜில் வால்டர் டிக்சனிடம் பயின்ற அவர், 1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியலின் முதல் பேராசிரியரானார். 1930–31இல் அவர் தலைமையில் பணியாற்றிய மருந்து விசாரணைக் குழுவின் அறிக்கை 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்கு அடித்தளமிட்டது. 1933இல் அவர் வெளியிட்ட ‘இந்திஜினஸ் டிரக்ஸ் ஆஃப் இந்தியா’ நாட்டு மருந்துகளை ஆய்வகக் கண்கொண்டு அணுகியது. சோப்ராவின் நோக்கம் பரந்தது: கடையில் விற்கும் போலி மருந்து, கிராமத்து மூலிகை, அபின் பழக்கம் ஆகிய யாவும் அவருக்கு மருந்தியலின் பகுதியே.

ஆனால் கல்லூரிகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் ஆய்வகத்தின் வெளித்தோற்றத்தையே. சென்ற நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் மருந்தியல் செய்முறை வகுப்பு என்பது இரண்டு செயல்களால் ஆனது. ஒன்று, கலவை மருந்தும் களிம்பும் தயாரித்தல்; ஆலைகள் மாத்திரைகளை உற்பத்தி செய்யத் தொடங்கி நெடுங்காலம் ஆன பிறகும் மாணவர் உரலும் குழவியும் கொண்டு அரைத்தனர். மற்றொன்று, தவளையின் இதயம், முயலின் கண், சீமைப்பெருச்சாளியின் குடல், மயக்கமூட்டிய நாயின் இரத்த அழுத்தம். பெரிய வகுப்புகளில் ஆசிரியரோ உதவியாளரோ செய்ய, சுற்றி நின்ற மாணவர்கள் கோட்டைத் தம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டனர். 1839இல் சோதனைப் பொருளாகவும் கவனிப்பவராகவும் இருந்த மாணவர் இப்போது பார்வையாளர் ஆனார். தேர்வில் ஒரு கைமோகிராஃப் கோட்டைக் காட்டி, எந்த மருந்து என்று கேட்பார்கள். ஒரு நோயாளியைக் காட்டி, எந்த மருந்து, ஏன், எத்தனை நாள் என்று கேட்பது அரிதாகவே இருந்தது.

சுவரின் விலை

துறைகளுக்கு இடையே எழுந்த சுவர் பாடத்திட்ட அழகியல் பற்றிய சிக்கல் மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இரண்டு நிகழ்வுகளை நினைவுகூர்வோம்.

1958இல் கேரளத்தில், கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்னும் ஆர்கனோபாஸ்பேட் கலந்துவிட, அதை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விசாரணைக் குழு அமைந்தது. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. நஞ்சு என்பது கொலைகாரன் கையிலிருக்கும் பொருள் என்ற 19ஆம் நூற்றாண்டுப் படிமம் அன்றே தகர்ந்திருக்க வேண்டும். நஞ்சு இப்போது வேளாண்மையின் இடுபொருள். கிடங்கிலும் கப்பலிலும் உணவோடு பயணம் செய்வது. சட்டம் அதை உணர்ந்த அளவுக்குப் பாடநூல் உணரவில்லை. ஊமத்தை விதை அட்டவணை அதன் இடத்தில் அப்படியே இருந்தது.

இரண்டாவது, 1984 டிசம்பர் 2–3 இரவு, போபால். காந்தி மருத்துவக் கல்லூரியின் ஹமீதியா மருத்துவமனைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர். எந்த வாயு, எதனால் முறிக்கலாம் என்பது மருத்துவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பிணக்கூறாய்வு செய்த சட்ட மருத்துவப் பேராசிரியர் ஹீரேஷ் சந்திரா, இறந்தோரின் இரத்தத்தின் அசாதாரணச் சிவப்பைக் கண்டு சயனைடு நஞ்சேற்றத்தை ஐயுற்றார். உயிருடன் இருப்போருக்குச் சோடியம் தையோசல்ஃபேட் கொடுக்கலாம் என்றார். மாற்றுமருந்து பற்றிய துப்பு பிணவறையிலிருந்து வந்தது என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்தக் கருத்து படுக்கைப் பிரிவில் வரவேற்கப்படவில்லை, நீண்ட சர்ச்சையாயிற்று. 1985இன் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனை நடத்திப் பயன் உண்டெனக் கூறிய பின்பும் அம்மருந்து பரவலாகக் கொடுக்கப்படவில்லை. அதைக் கொடுத்துவந்த தன்னார்வ மருத்துவ மையத்தின்மீது 1985 ஜூனில் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. இச்சர்ச்சைக்குப் பின்னால் நிறுவனத்தின் நலனும் அரசின் தயக்கமும் இருந்தன. எல்லாவற்றையும் பாடத்திட்டத்தின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. எனினும், இறந்தவரிடமிருந்து கற்பவரும் இருப்பவருக்கு மருந்து எழுதுபவரும் ஒரே மொழியில் பேசப் பழகாத கல்வி அந்தத் தயக்கத்துக்கு இடங்கொடுத்தது என்று கருத இடமுண்டு.

போபாலில் இன்னொரு குரலும் எழுந்தது. 1974இல் இளம் மருத்துவர்களும் மாணவர்களும் கூடித் தொடங்கிய ‘மெடிக்கோ ஃபிரெண்ட் சர்க்கிள்’ 1985 மார்ச்சில் அங்கு மக்கள் நல ஆய்வு நடத்தியது. அவ்வமைப்பின் செய்திமடல் 1976 முதல் மருத்துவக் கல்வி யாருக்காக என்ற கேள்வியை விடாது எழுப்பியது. 1975ஆம் ஆண்டின் ஹாத்தி குழு அறிக்கை வணிகப் பெயர்களைக் கைவிட்டு மூலப்பெயர்களுக்கு மாறப் பரிந்துரைத்த காலம் அது. வகுப்பறைக்கு வெளியே, எவரும் கேள்வித்தாள் கொடுக்காமலே, மாணவரும் இளம் மருத்துவரும் தம் கல்வியைப் பற்றிப் பேசிய அரிய தருணம் அது எனலாம்.

தவளை வெளியேறியபோது

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நூல், மாதிரி, திரைப்படம் போன்றவற்றால் கற்பிக்க முடியுமாயின் மருத்துவப் பள்ளிகளில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்ற கருத்தைக் கொண்டிருந்தது. அது செயலுக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1998இன் விதிகள், 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழிகாட்டுதல், 2014இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் திருத்தம் என்று படிப்படியாக இளநிலை வகுப்புகளிலிருந்து விலங்குகள் விலக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் கணினி வந்தது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான ‘எக்ஸ்ஃபார்ம்’ போன்ற மென்பொருள்கள் தவளையின் இதயத்தைத் திரையில் துடிக்கச் செய்தன.

இந்த மாற்றத்தைப் பற்றி மாணவர்கள் என்ன நினைத்தார்கள்? பல கல்லூரிகளின் மருந்தியல் துறைகள் இக்கேள்வியை வைத்து ஆய்வுகளை வெளியிட்டுள்ளன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் மறுமொழிகளை மூன்றாக வகுக்கலாம். விலங்கைத் துன்புறுத்தாமல் கற்பது நிம்மதி என்பது ஒன்று. திரையில் எத்தனை முறையும் திருப்பிப் பார்க்கலாம் என்பது மற்றொன்று. கைப்பழக்கம் வரவில்லை, உயிருள்ள திசு காட்டும் ஒழுங்கின்மையைத் திரை காட்டுவதில்லை என்பது மூன்றாவது. மூன்றாவது குறையை, ஆய்வுப் பணிக்குச் செல்ல எண்ணும் முதுநிலை மாணவரும் பி.ஃபார்ம். மாணவரும் உரக்கச் சொல்கின்றனர். நோயாளியிடம் செல்லவிருக்கும் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு அது அவ்வளவு பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. ஒரே மாற்றம், இருவேறு எதிர்காலங்களுக்கு இருவேறு பொருள் தருகிறது. ‘மாணவர் கருத்து’ என ஒருமையில் பேசுவதன் இடர் இதுதான்.

கேள்வித்தாளின் இலக்கணம்

2000களின் தொடக்கத்திலிருந்து இந்திய மருந்தியல் இதழ்களில் மாணவர் கருத்தாய்வுகள் பெருகின. அவை சொல்வதன் சாரம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: பாடம் சுவையானது, மருந்துப் பெயர்கள் மிகுதி, நினைவில் நிற்பதில்லை, நோயாளியோடு இணைத்துக் கற்பித்தால் விளங்கும், சிறு குழு விவாதம் வேண்டும், களிம்பு அரைத்தல் வேண்டா. இந்தக் குரல்கள் வீணாகவில்லை. மருந்துச்சீட்டு எழுதும் பயிற்சி, 1994இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நல்ல மருந்தெழுதல் வழிகாட்டியின் ‘பி-டிரக்’ முறை, பாதக விளைவுகளைப் பதிவு செய்தல் ஆகியன பாடத்திட்டத்துள் நுழைய இவையும் ஒரு காரணம்.

ஆனால் மொழியியல் மாணவனாக இக்கேள்வித்தாள்களைப் படிக்கும்போது வேறொன்று புலப்படுகிறது. 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் வகுத்த அளவுகோலின் வழியே, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். கூற்றை எழுதுபவர் ஆசிரியர். மாணவர் வினைமுற்றை மட்டும் தேர்கிறார். எழுவாயும் செயப்படுபொருளும் முன்பே இடப்பட்டுவிடுகின்றன. ‘மருந்தியல் விரிவுரைகள் பயனுள்ளவை’ என்ற கூற்றுக்கு உடன்படலாம், மறுக்கலாம். ‘ஊமத்தையும் அட்ரோபினும் ஏன் ஒரே நாளில் கற்பிக்கப்படவில்லை?’ என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமில்லை. கேள்வித்தாளைத் தயாரிப்பது ஒரு துறை. ஆகவே அது தன் எல்லைக்குள்தான் கேட்கும். மருந்தியல் துறை மருந்தியலைப் பற்றிக் கேட்கும். சட்ட மருத்துவத் துறை தன் பாடத்தைப் பற்றிக் கேட்கும். இடைச்சுவரைப் பற்றிக் கேட்பவர் எவருமில்லை. தரமதிப்பீட்டு அமைப்புகள் மாணவர் கருத்தைக் கட்டாயமாக்கிய பிறகு படிவங்களின் எண்ணிக்கை கூடியது. வாக்கிய அமைப்பு மாறவில்லை.

2019க்குப் பின்

2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம் இச்சிக்கலை அறிந்தே எழுதப்பட்டது. துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு என்பது அதன் அறிவிக்கப்பட்ட கொள்கை. மருந்தியலின் திறன்களுள் பொதுவான நஞ்சேற்றங்களின் மேலாண்மை, பூச்சிக்கடி, கன உலோக நஞ்சு, அதை அகற்றும் மருந்துகள் ஆகியன இடம்பெற்றன. ஆனால் ஒவ்வொரு திறனுக்கும் துறைக்குறியீடு உண்டு: மருந்தியலுக்கு ‘பி.எச்.’, சட்ட மருத்துவத்துக்கு ‘எஃப்.எம்.’. பொது நச்சியல், வேதி நச்சியல், உயிரி நச்சியல் எனப் பாடத்தின் பெரும்பகுதி இன்னும் எஃப்.எம். வரிசையில்தான் உள்ளது. குறியீடு எவருடையதோ தேர்வுக் கேள்வியும் அவருடையதே. ஒருங்கிணைப்பு என்ற சொல் முன்னுரையில் இருக்கிறது. மதிப்பெண் துறைவாரியாக இருக்கிறது. மாணவர் எதன்படி படிப்பார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நேரமும் சுருங்கிற்று. 1997ஆம் ஆண்டு விதிகளில் 18 மாதங்களாக இருந்த இரண்டாம் கட்டம் 2019இல் 12 மாதங்களாயிற்று; மருந்தியலுக்கு 300 மணி நேரம் என்றிருந்தது 230 ஆயிற்று. மருந்துகளின் எண்ணிக்கையோ இக்கால் நூற்றாண்டில் பெருகியே வந்துள்ளது. குறைந்த நேரத்தில் கூடுதலாகக் கற்பிக்க வேண்டிய நிலையில், இரு துறைகள் ஒரே பொருளைத் தனித்தனியே சொல்வது வீண்செலவு என்பதை எளிய கணக்கே காட்டும்.

பி.ஃபார்ம். பாடத்திட்டம் ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. அங்கு நச்சியலின் அடிப்படைகள் மருந்தியல் பாடத்தின் உள்ளேயே, ஆறாம் பருவத்தில் வருகின்றன. நீதிமன்றத்தின் தேவை அங்கு இல்லாததால் நஞ்சு மருந்தோடு தங்கிவிட்டது. ஆகவே மருத்துவக் கல்வியில் உள்ள பிரிவினை அறிவின் இயல்பால் வந்ததன்று. ஒரு காலத்து ஆட்சியின் தேவையால் வந்தது. அந்த ஆட்சி போய் எண்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

எதிர்வாதத்தையும் கூற வேண்டும். நச்சியலைச் சட்ட மருத்துவத்திலிருந்து முற்றாகப் பெயர்த்தெடுப்பது தீர்வாகாது. நஞ்சேறியவர் வந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தல், இரைப்பை நீரைப் பாதுகாத்தல், முத்திரையிட்டு அனுப்புதல், மரண வாக்குமூலத்துக்கு ஏற்பாடு செய்தல் ஆகிய கடமைகளை வேறெந்தத் துறையும் இவ்வளவு கவனமாகக் கற்பிக்காது. இவற்றில் தவறினால் நோயாளிக்கும் நீதிக்கும் மருத்துவருக்கும் கேடு. போபாலில் துப்பு அத்துறையிலிருந்தே வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. வேண்டுவது இடமாற்றம் அன்று. ஒரு நோயாளியை நடுவில் வைத்து இரு துறைகளும் அவசர சிகிச்சைத் துறையும் ஒரே மேசையில் நடத்தும் பாடம், அதற்கு ஒரே கேள்வித்தாள், ஒரே மதிப்பெண்.

இதில் பணயமாக இருப்பது எது என்பதில் ஐயம் வேண்டா. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மட்டும் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானவர் கிராமத்தவர். அவர்களுள் மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்வோரை முதலில் பார்ப்பவர் பேராசிரியர் அல்லர். தாலுகா மருத்துவமனையின் இளம் மருத்துவர், அல்லது பயிற்சி மருத்துவர். சட்ட மருத்துவ நூலில் படித்த பல்லின் அமைப்பும் மருந்தியலில் படித்த நஞ்சுமுறி மருந்தும் அந்த நேரத்தில் ஒரே அறிவாக அவர் கையில் வந்தாக வேண்டும். ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று உறவினர் சொல்லும்போது எந்த மருந்து என்று நிதானமாகக் கேட்கவும், வரும் விடையைச் செயலாக மாற்றவும் தெரிய வேண்டும். மக்கள் மொழி அவ்விரண்டையும் ஒரு சொல்லில் வைத்திருப்பது அறியாமையால் என்று நான் கருதவில்லை. பாடத்திட்டம் மறந்ததை அது நினைவில் வைத்திருக்கிறது.

மாணவர்கள் உடலாக இருந்தார்கள், பார்வையாளராக இருந்தார்கள், இப்போது கட்டங்களில் குறியிடுகிறார்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலாவது, கூற்றை எழுதும் இடத்தில் அவர்களுள் சிலர் அமர வேண்டும். குறிப்பாக, பயிற்சி மருத்துவராக ஓராண்டு அவசரப் பிரிவில் நின்றவர்களைக் கேட்க வேண்டும்; இரண்டாம் ஆண்டில் படித்தவற்றுள் எது அங்கே கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அத்தகைய நண்பர்கள் இதைப் படித்தால் ஐந்து கட்டங்களுக்குள் அடங்காத தம் விடையை இங்கே எழுதுமாறு வேண்டுகிறேன். மருந்தியல், சட்ட மருத்துவ ஆசிரியர்கள் திருத்த வேண்டியவை இருப்பின் சுட்டிக்காட்டலாம், நன்றியுடன் ஏற்பேன்.